நெப்ராஸ்கா 2வது தொகுதி: அதிபருக்கு ஒரு கட்சி, காங்கிரசுக்கு வேறு கட்சி. இந்த எண்களை எப்படிப் படிப்பது?

தரவுதேடி (கேள்வி)

வணக்கம். ஒமாஹா நகரை மையமாகக் கொண்ட நெப்ராஸ்கா மாநிலத்தின் 2வது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தொகுதியின் தேர்தல் முடிவுகளை ஒரு எக்செல் தாளில் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். 2020இல் இங்கே பைடன் ஜெயித்தார், 2024இல் கமலா ஹாரிஸ் ஜெயித்தார், இருவரும் ஜனநாயகக் கட்சி. ஆனால் அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், காங்கிரசின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குக் குடியரசுக் கட்சியின் டான் பேகனையே மக்கள் அனுப்பியிருக்கிறார்கள்.

கேட்க வேண்டியவை மூன்று. இது பேகன் என்ற தனி மனிதருக்கு விழுந்த வாக்கா, தொகுதியின் குணமே இதுதானா? நடுவில் இரண்டு முறை தொகுதி எல்லை மாறியிருக்கும்போது 2008 எண்ணையும் 2024 எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாமா? அதிபருக்கு ஒரு கட்சி, காங்கிரசுக்கு வேறு கட்சி என்று மாற்றிப் போட்டவர்கள் எத்தனை பேர் என்று முடிவுகளை மட்டும் வைத்துச் சொல்ல வழி உண்டா? செய்தித்தாள் விளக்கம் நிறையப் படித்துவிட்டேன். கணக்காகச் சொல்லக்கூடியவர்கள் சொல்லுங்கள்.

மிசூரிக்கரை

இரண்டு பந்தயத்தின் வித்தியாசத்தையும் ஆண்டுவாரியாக எதிரெதிரே எழுதிப் பாருங்கள், முதல் கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது. எல்லாம் சதவீதப் புள்ளி. "குடி" என்றால் குடியரசுக் கட்சி முன்னிலை, "ஜன" என்றால் ஜனநாயகக் கட்சி முன்னிலை.

2008: அதிபர் ஜன 1.2, காங்கிரஸ் குடி 3.8
2012: அதிபர் குடி 7.1, காங்கிரஸ் குடி 1.6
2014: காங்கிரஸ் ஜன 3.3
2016: அதிபர் குடி 2.2, காங்கிரஸ் குடி 1.2
2018: காங்கிரஸ் குடி 2.0
2020: அதிபர் ஜன 6.5, காங்கிரஸ் குடி 4.6
2022: காங்கிரஸ் குடி 2.6
2024: அதிபர் ஜன 4.6, காங்கிரஸ் குடி 1.8

2012 முதல் காங்கிரஸ் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். ஏழு தேர்தலில் ஒன்றுகூட ஐந்து புள்ளியைத் தாண்டவில்லை. அதிபர் பத்தியோ 2012இல் குடியரசுக் கட்சியின் ராம்னிக்கு ஏழு, 2020இல் பைடனுக்கு ஆறரை என்று கிட்டத்தட்ட பதினான்கு புள்ளி ஆடியிருக்கிறது. "மக்கள் பேகனுக்காகக் கட்சி மாறினார்கள்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என் கருத்தில் அது தலைகீழ். காங்கிரஸ் வாக்கு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தது. இடம் பெயர்ந்தது அதிபர் வாக்கு.

இன்னொன்று. 2012இல் அப்போதைய குடியரசுக் கட்சி உறுப்பினர் லீ டெர்ரி ராம்னியைவிட ஐந்தரைப் புள்ளி பின்னால் ஓடினார். 2016இல் முதல்முறை நின்ற பேகனும் டிரம்ப்பைவிடச் சற்றுப் பின்னால்தான். "பேகனின் தனிச் செல்வாக்கு" என்று நாம் சொல்வது 2020இல் வந்தது. 2020இல் இரண்டு பந்தயத்துக்கும் இடைவெளி 11 புள்ளி, 2024இல் அது ஆறரைக்குக் குறுகிவிட்டது. இந்தக் குறுக்கத்தைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

2012க்கு முன்னால் போனால் கதை வேறு. 2010இல் டெர்ரி இருபது புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆகவே "இது எப்போதுமே இழுபறித் தொகுதி" என்று எழுதிவிடாதீர்கள்.

பழைய வரலாறு ஒரு வரியில்: 1970களில் ஜான் கவனாவும், 1989 முதல் 1995 வரை பீட்டர் ஹோக்லண்டும் ஜனநாயகக் கட்சி சார்பில் இருந்தார்கள். ஹோக்லண்டுக்குப் பிறகு ஜான் கிறிஸ்டென்சன், அடுத்து 1999 முதல் 2015 வரை டெர்ரி, இருவரும் குடியரசுக் கட்சி. 2014இல் ஜனநாயகக் கட்சியின் பிராட் ஆஷ்ஃபோர்ட் தட்டிப் பறித்து ஒரே ஒரு தவணை இருந்தார்.

கட்டம்கட்டி

எல்லை பற்றிய கேள்விக்கு. 2008ஐயும் 2024ஐயும் அப்படியே பக்கத்தில் வைக்கக் கூடாது. காரணம் சார்ப்பி கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போன்ற பிரிவு).

2008இல் தொகுதி என்றால் டக்ளஸ் கவுண்டி முழுவதும், சார்ப்பியின் கிழக்குப் பகுதியும். பெல்வியூ ஊரும் ஆஃபட் விமானப்படைத் தளமும் உள்ளே இருந்தன. ஒபாமா ஜெயித்தபின் வந்த 2011 மறுவரையறையில் அவற்றை 1வது தொகுதிக்குத் தள்ளிவிட்டு, குடியரசுக் கட்சிக்குச் சாதகமான மேற்கு சார்ப்பியை உள்ளே எடுத்தார்கள். 2012இல் ராம்னி ஏழு புள்ளியில் ஜெயித்ததில் நாடு முழுக்க ஒபாமாவுக்குக் குறைந்த ஆதரவும் இருக்கிறது, இந்த எல்லை மாற்றமும் இருக்கிறது. பிரிக்காமல் பேசினால் தவறான முடிவுக்குத்தான் போவோம்.

2021இல் நடந்தது இதைவிடச் சுவையானது. முதலில் வந்த வரைவு டக்ளஸ் கவுண்டியையே வெட்டி அதன் ஒரு பகுதியை 1வது தொகுதிக்குக் கொடுப்பதாக இருந்தது. சட்டமன்றத்தில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பேசிப் பேசியே அதை முடக்கினார்கள். பிறகு சமரசம்: டக்ளஸ் முழுதாக இருக்கும், மேற்கே சாண்டர்ஸ் கவுண்டி புதிதாகச் சேரும், சார்ப்பியில் ஒரு பகுதி இருக்கும்.

2020 மக்கள்தொகைக் கணக்கின்படி ஒரு தொகுதிக்கு சுமார் 6,54,000 பேர். டக்ளஸ் மட்டும் 5,84,526. சாண்டர்ஸ் ஏறக்குறைய 22,000. கழித்தால் சார்ப்பியிலிருந்து சுமார் 47,000 பேர்தான் உள்ளே. சார்ப்பியின் மொத்த மக்கள்தொகை 1,90,000ஐத் தாண்டும். அதாவது நாலில் ஒரு பங்கு. இணையத்தில் பலர் செய்யும் தப்பு, டக்ளஸ், சார்ப்பி, சாண்டர்ஸ் மூன்றின் கவுண்டி மொத்தத்தையும் கூட்டித் "தொகுதி முடிவு" என்று போடுவது. அப்படிச் செய்தால் தொகுதியில் இல்லாத ஒன்றரை லட்சம் பேரைச் சேர்த்துவிடுகிறீர்கள். மாநிலச் செயலாளர் அலுவலகம் வெளியிடும் அதிகாரபூர்வ முடிவுப் புத்தகத்தில் அதிபர் வாக்கைத் தொகுதிவாரியாகத் தனியாகவே போட்டிருப்பார்கள். அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் (எலக்டர்) வாக்கே இங்கே அப்படித்தானே ஒதுக்கப்படுகிறது! அதையே எடுங்கள்.

புதிய எல்லைக்குள் 2020 வாக்கை மறுபடி கூட்டினாலும் பைடன் முன்னிலை ஆறு புள்ளிக்கு மேல்தான் வருகிறது. ஆகவே 2020ஐயும் 2024ஐயும் ஒப்பிடுவதில் பெரிய ஆபத்து இல்லை. 2012 முதல் 2020 வரை ஒரே வரைபடம், அதற்குள் தாராளமாக ஒப்பிடலாம். 2008ஐ மட்டும் தனியாக வையுங்கள்.

பூத்_ஏஜென்ட்

மாற்றிப் போட்டவர்கள் எத்தனை பேர் என்பதற்குச் சரியான எண் முடிவுகளிலிருந்து வராது, வாக்கு ரகசியமானது. ஆனால் "குறைந்தது இத்தனை பேர்" என்று கறாராகச் சொல்லலாம். 2020ஐ எடுத்துக்கொள்வோம்.

அதிபர்: பைடன் சுமார் 1,76,500, டிரம்ப் சுமார் 1,54,400.
காங்கிரஸ்: பேகன் சுமார் 1,71,100, ஜனநாயகக் கட்சியின் கேரா ஈஸ்ட்மன் சுமார் 1,55,700, லிபர்டேரியன் என்ற சிறிய மூன்றாம் கட்சியின் வேட்பாளர் சுமார் 10,000.

முதலில் மொத்தத்தைப் பாருங்கள். அதிபர் பந்தயத்தில் சுமார் 3,39,000 வாக்கு, காங்கிரஸ் பந்தயத்தில் சுமார் 3,37,000. காங்கிரஸ் கட்டத்தை வெறுமையாக விட்டவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. "பாதிப் பேர் கீழே வரை நிரப்பவே இல்லை" என்ற வாதம் இங்கே நிற்காது.

பிறகு கழித்தல். பைடனுக்குப் போட்டவர்களில் குறைந்தது 20,800 பேர் ஈஸ்ட்மனுக்குப் போடவில்லை. பேகனுக்குப் போட்டவர்களில் குறைந்தது 16,700 பேர் டிரம்ப்புக்குப் போடவில்லை. இவை கீழ் எல்லைகள், உண்மை எண் இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். எதிர்த்திசையில் மாறியவர்கள் சிலரும் இருப்பார்கள், அவர்கள் இந்தக் கழித்தலில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. 16,700 பேரும் பைடன் ஆட்கள் என்று எழுதக் கூடாது. அதிபருக்கு லிபர்டேரியன் வேட்பாளருக்குப் போட்டுவிட்டுப் பேகனைத் தேர்ந்தவர்களும் அதில் அடக்கம். அதே போல 20,800 பேரும் பேகனிடம் போகவில்லை, ஒரு பங்கு காங்கிரஸ் லிபர்டேரியனுக்குப் போயிருக்கும்.

சாவடிவாரியாகச் செய்தால் எல்லை இன்னும் இறுகும். ஒவ்வொரு சாவடியிலும் பைடன் கழித்தல் ஈஸ்ட்மன் கணக்கிட்டு, பூஜ்யத்துக்கு மேல் வருவதை மட்டும் சேர்த்தால் மொத்தம் 20,800ஐவிடக் குறையாது, ஏறவே செய்யும். ஆனால் ஒரு சாவடியில் பணக்கார வீடுகள் அதிகம், மாறிய வாக்கும் அதிகம் என்பதால் "பணக்காரர்கள்தான் மாற்றிப் போட்டார்கள்" என்று முடிவு கட்ட முடியாது. பகுதியின் குணம் வேறு, தனி ஆளின் வாக்கு வேறு.

மிசூரிக்கரை

பூத்_ஏஜென்ட் சொன்ன கழித்தலை ஊர் வரைபடத்தில் வைத்தால் காரணம் விளங்கும். ஒமாஹாவில் 72வது தெரு ஒரு பழைய அளவுகோல். கிழக்கே வடக்கு ஒமாஹாவில் கறுப்பினத்தவர் குடியிருப்புகள், தெற்கு ஒமாஹாவில் இறைச்சி ஆலைகளை ஒட்டி வளர்ந்த பகுதி. அங்கே முன்பு செக், போலந்துக் குடும்பங்கள், இப்போது லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள். நடுவில் டண்டி, பென்சன். இவையெல்லாம் ஜனநாயகக் கட்சி. மேற்கே புறநகர், எல்க்ஹார்ன் வரை குடியரசுக் கட்சி. அந்தக் கோடு டிரம்ப் காலத்தில் அதிபர் தேர்தலுக்கு மட்டும் நன்றாக மேற்கே நகர்ந்துவிட்டது. காங்கிரஸ் தேர்தலுக்கு அவ்வளவு நகரவில்லை. இரண்டு கோட்டுக்கும் நடுவே இருக்கும் புறநகர்ச் சாவடிகள்தான் உங்கள் கேள்வியின் இருப்பிடம்.

வேட்பாளரும் கணக்கில் உண்டு. பேகன் ஓய்வுபெற்ற விமானப்படை பிரிகேடியர் ஜெனரல், ஆஃபட் தளத்தில் 55வது பிரிவுக்குத் தலைமை வகித்தவர். 2021இல் பைடனின் உள்கட்டமைப்புச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்த 13 குடியரசுக் கட்சி உறுப்பினர்களில் ஒருவர். எதிரே 2018இலும் 2020இலும் நின்ற ஈஸ்ட்மன், அனைவருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு என்பதை முன்வைத்து, 2018 பிரைமரியில் (கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) ஆஷ்ஃபோர்டைச் சிறிய வித்தியாசத்தில் வீழ்த்தி வந்தவர். தோற்ற ஆஷ்ஃபோர்டே 2020இல் பேகனை ஆதரித்தார். ஜனநாயகக் கட்சியில் மிதவாதி என்று பெயரெடுத்த டோனி வர்காஸ் நின்றபோது இடைவெளி குறுகியது. 2022இல் 2.6, 2024இல் 1.8.

தரவுதேடி

தெளிவாகிறது, நன்றி. 2014 மட்டும் பொருந்தவில்லையே? நாடு முழுக்கக் குடியரசுக் கட்சிக்கு நல்ல ஆண்டு. இங்கே மட்டும் எட்டுத் தவணை இருந்தவர் தோற்கிறார்.

கட்டம்கட்டி

மூன்று விஷயம் சேர்ந்தது. முதலாவது டெர்ரி தானே இழுத்துவிட்டுக்கொண்டது. 2013இல் அரசாங்கம் முடங்கியபோது சம்பளத்தை விட்டுக்கொடுப்பீர்களா என்று கேட்டதற்கு, நல்ல வீடு இருக்கிறது, பிள்ளை கல்லூரியில் படிக்கிறது என்று பதில் சொன்னார். சம்பளமில்லாமல் அரசு ஊழியர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்த வாரம் அது. பிறகு வருத்தம் தெரிவித்தும் பேச்சு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது, லிபர்டேரியன் வேட்பாளர் ஐந்து சதவீதம் எடுத்தார், தோல்வி வித்தியாசமோ 3.3. அந்த ஐந்தும் டெர்ரிக்கே வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அதிருப்தியடைந்த சொந்தக் கட்சிக்காரர் எதிர்க்கட்சிக்குப் போடாமல் வெளியேற ஒரு கதவு திறந்திருந்தது. மூன்றாவது, குறைந்தபட்சக் கூலியை 9 டாலராக உயர்த்தும் மக்கள் வாக்கெடுப்பு அதே சீட்டில் இருந்தது, நிறைவேறியும்விட்டது; அது ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்தவர்களைச் சாவடிக்கு இழுத்திருக்கலாம். எதிரே ஆஷ்ஃபோர்டும் இரண்டு கட்சியிலும் இருந்து பார்த்தவர், 2013 மேயர் தேர்தலில் சுயேச்சையாக நின்றவர். குடியரசுக் கட்சி வாக்காளர் தயங்காமல் போடக்கூடிய ஆள்.

எலக்டர்538

இந்தத் தொகுதிக்கு நாடு முழுக்கக் கவனம் கிடைப்பது தேர்வாளர் வாக்கால். அதைச் சேர்க்காமல் தாள் முழுமையாகாது.

நெப்ராஸ்காவுக்கு மொத்தம் 5 தேர்வாளர்கள். மாநிலம் முழுவதும் ஜெயிப்பவருக்கு 2, மூன்று தொகுதிக்கும் தலா 1. 1991இல் டயானா ஷிமெக் கொண்டுவந்த மசோதா, ஆளுநர் பென் நெல்சன் கையெழுத்திட்டார், 1992 முதல் நடைமுறை. இதே முறை உள்ள இன்னொரு மாநிலம் மெய்ன், அங்கே 1972 முதல். 2008இல் ஒபாமா எடுத்த ஒரு வாக்குதான் 1964க்குப் பிறகு நெப்ராஸ்காவிலிருந்து ஜனநாயகக் கட்சிக்குப் போன முதல் தேர்வாளர் வாக்கு.

2024இல் இதன் எடை எவ்வளவு என்பதற்குக் கூட்டல் போதும். ஹாரிஸ் கடைசியில் எடுத்தது 226, இந்த ஒன்றும் சேர்த்து. பென்சில்வேனியா 19, மிச்சிகன் 15, விஸ்கான்சின் 10 கூட்டினால் சரியாக வெற்றிக்குத் தேவையான 270. ஒமாஹா இல்லாமல் 269. சமநிலை வந்தால் பிரதிநிதிகள் சபையில் மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற முறையில் முடிவாகும். அதனால்தான் அந்தச் செப்டம்பரில் குடியரசுக் கட்சி செனட்டர் லிண்ட்சி கிரகாம் மாநிலத் தலைநகர் லிங்கனுக்கே வந்து, முறையை மாற்றச் சொல்லிச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் பேசினார்.

அது ஏன் நடக்கவில்லை? நெப்ராஸ்கா சட்டமன்றம் ஒரே அவை, 49 பேர். பேச்சை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 33 பேர் வேண்டும். ஜனநாயகக் கட்சியிலிருந்து சில மாதம் முன்புதான் குடியரசுக் கட்சிக்கு வந்த ஒமாஹா உறுப்பினர் மைக் மெக்டொனல், தேர்தலுக்கு இவ்வளவு நெருக்கத்தில் மாற்றச் சம்மதிக்க மாட்டேன் என்றார். கதை முடிந்தது. 1990களில் இரண்டு முறை சட்டமன்றம் மாற்றியும் நெல்சன் தடுத்தார். 2016இல் ஒரே ஒரு வாக்கு குறைந்தது. 2025 ஏப்ரலில் 31 பேர்தான் தேறினார்கள்.

நேரமும் ஒரு காரணம். நெப்ராஸ்கா மாறினால் மெய்னும் மாறும் என்று மெய்ன் ஜனநாயகக் கட்சியினர் வசந்தகாலத்திலேயே சொன்னார்கள். ஆனால் மெய்னில் சாதாரணச் சட்டம் அமலுக்கு வர, கூட்டத்தொடர் முடிந்து 90 நாள் ஆக வேண்டும். செப்டம்பர் கடைசியில் முயன்றது அந்த வாசல் அடைபட்ட பிறகு.

பூத்_ஏஜென்ட்

தாளில் ஒரு சார்பு எண் வேண்டுமென்றால் குக் குறியீட்டை (நாட்டோடு ஒப்பிட்டால் தொகுதி எந்தக் கட்சிப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்ற எண்) நீங்களே போட்டுக்கொள்ளலாம். கடைசி இரண்டு அதிபர் தேர்தல், மூன்றாம் கட்சிகளை நீக்கி இரு கட்சிப் பங்கு மட்டும். 2024இல் தொகுதியில் ஹாரிஸ் 52.3, நாட்டில் 49.2, வித்தியாசம் 3.1. 2020இல் தொகுதியில் பைடன் 53.3, நாட்டில் 52.3, வித்தியாசம் 1. புதியதற்கு முக்கால் பங்கு, பழையதற்குக் கால் பங்கு எடை கொடுத்தால் 2.6, முழுமையாக்கினால் ஜனநாயகக் கட்சிக்கு +3. ஹாரிஸ் பைடனைவிடக் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தும் சார்பு எண் ஏறுகிறது. நாடு வலப்பக்கம் நகர்ந்த அளவுக்கு ஒமாஹா நகரவில்லை என்பதே அதன் பொருள்.

எக்செலில் வழக்கமாகக் கெடுபவை: சாவடி எண் 01-05 போலக் கோடு போட்டு இருந்தால் கோப்பைத் திறந்தவுடன் ஜனவரி 5 ஆகிவிடும். திறக்கும் முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று வைத்து இறக்குங்கள். சாவடிச் சதவீதங்களைச் சராசரி எடுக்காதீர்கள், வாக்கைக் கூட்டிப் பிறகு வகுங்கள். 2021 மறுவரையறைக்குப் பின் ஒரே எண் இருந்தாலும் அதே சாவடி என்று நம்பாதீர்கள், எல்லை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே இணையுங்கள். தேர்தலன்று இரவு எடுத்த கோப்பைப் பயன்படுத்த வேண்டாம், அதிகாரபூர்வச் சரிபார்ப்புக்குப் பிறகு தாமதமாக எண்ணிய தபால் வாக்கெல்லாம் சேர்ந்திருக்கும்.

தரவுதேடி

பேகன் 2025 ஜூன் 30 அன்று மறுபடி நிற்கவில்லை என்று அறிவித்துவிட்டார். 2026 தேர்தல் இரவில் எதைப் பார்த்தால் அவருடைய தனி வாக்கு எவ்வளவு என்று தெரியும்?

மிசூரிக்கரை

காலி இடம் என்பதால் அது நல்ல சோதனை. ஆனால் 2026 அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டு, எனவே 2024ஓடு ஒப்பிடாமல் 2022ஓடு ஒப்பிடுங்கள், எல்லையும் ஒன்றே. மேற்கு டக்ளசில் 2022இல் பேகன் ஜெயித்து, 2024இல் டிரம்ப் தோற்ற சாவடிகளை முன்கூட்டியே பட்டியல் எடுத்து வையுங்கள். புதிய குடியரசுக் கட்சி வேட்பாளர் அங்கே பேகன் எடுத்த அளவில் நிற்கிறாரா, டிரம்ப் எடுத்த அளவுக்குச் சரிகிறாரா என்பதுதான் பதில். சாண்டர்சும் மேற்கு சார்ப்பியும் பெரிதாக எதுவும் சொல்லாது, அங்கே வாக்குப்பதிவு விகிதத்தை மட்டும் பாருங்கள்.

இரவு 8 மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் டக்ளசில் முதலில் வருவது முன்கூட்டியே போட்ட வாக்குகளின் கட்டு. அதில் ஜனநாயகக் கட்சிக்குச் சாய்வு அதிகம். அதற்குப் பிறகு வரும் அன்றைய நேரடி வாக்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கும். முதல் கட்டில் நாலைந்து புள்ளி முன்னிலை இருந்தால் அதை வெற்றி என்று தாளில் ஏற்ற வேண்டாம். 2022இன் முதல் கட்டு எவ்வளவு, இறுதி எவ்வளவு என்று இரண்டு நிரலாக வைத்துக்கொண்டு, எவ்வளவு சரிந்தது என்பதோடு ஒப்பிடுங்கள்.